வெந்நீரில் கழன்ற கேள்வி

பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடியில் அன்று காலை பதினொரு ஸ்டிக்கர்கள் இருந்தன. வழுக்கைக்கு மருந்து, கரப்பான் பூச்சிக்கு மருந்து, வாடகைக்கு அறை, ஓட்டுநர் பயிற்சி, தொலைந்துபோன பூனை என்று ஒன்றின்மேல் ஒன்றாக எட்டு. மிச்சம் மூன்றும் ஒரே மாதிரி. உள்ளங்கை அகல வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்தில் ஒரே வரி: ‘ஒன்பது பேர் எங்கே?’

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினாள். நகராட்சியின் துப்புரவுப் பிரிவில் பதினொரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. கம்பம், கண்ணாடி, சுவர், குப்பைத் தொட்டி என்று ஊரில் எதன்மேல் எவர் எதை ஒட்டினாலும் சுரண்டி எடுப்பது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெடித்து, எந்தக் களிம்புக்கும் மூடாமல் கிடந்தன. சமையலில் உப்பு எடுக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வரும்.

“இந்த வழுக்கை மருந்துக்காரன் இருக்கானே,” என்று ஆரம்பித்தாள் ரேடியோ அக்கா. கூட வேலை செய்பவள். காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் மாலையில் துப்புரவு வண்டியைக் கொண்டுபோய் விடும்வரை மூடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். “அவன் மருந்துல முடி நிக்குதோ இல்லையோ, ஸ்டிக்கர் நிக்குது தங்கச்சி. பேசாம அந்தப் பசையவே மண்டையில தடவி நாலு முடிய ஒட்டி விட்டுடலாம்.”

“தண்ணிய ஊத்துங்கக்கா. அறுபது பாத்துட்டு இருக்காரு.”

அறுபது என்பது அவர்களுடைய மேற்பார்வையாளர். வெந்நீர் ஊற்றி, அறுபது வரை எண்ணி, பிறகுதான் பிளேடு வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. அவசரப்பட்டால் கண்ணாடியில் கீறல் விழும். ஐம்பது வயதுகூட ஆகாத மனிதர் இப்படித்தான் அறுபது ஆனார். விதியை மீறி ஓர் எறும்பு ஊர்ந்தாலும் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார் என்று சொல்வார்கள்.

எண்ணி முடித்ததும் வழுக்கை மருந்தில் கை வைத்தாள். வழக்கம்போல் தாளின் மேல்பகுதி மட்டும் நார்நாராக வந்தது. பசை அப்படியே நின்றது. மறுபடி தண்ணீர், மறுபடி பிளேடு. பிறகு வெள்ளை ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் நிமிண்டினாள். பூப்போல முழுதாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. பிளேடுக்கு வேலையே இல்லை.

“இதை அடிச்சவங்க நல்லா இருக்கணும்,” என்றாள் அவள். “என் விரல நெனச்சு அடிச்ச மாதிரி இருக்கு.”

“மெதுவாப் பேசும்மா,” என்றார் அறுபது. “இது அந்த மாதிரி ஸ்டிக்கர்.”

அது எந்த மாதிரி என்று ஊருக்கே தெரியும். ஆற்றங்கரை வீடுகளை இடிக்கக் கூடாது என்று இரண்டு மாதம் முன்பு ஓர் ஊர்வலம் நடந்தது. அதிலிருந்து ஒன்பது பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேன் போனதைப் பார்த்தவர்கள் பலர். ஆனால் எந்தக் காவல் நிலையத்தின் பதிவேட்டிலும் அந்த ஒன்பது பேர் இல்லை. யார் யார் என்பதைக்கூட வெளியில் சொல்லவில்லை.

அறுபது அன்று மாலை அறிக்கை எழுதினார். வெள்ளை ஸ்டிக்கர்களை எடுக்கக் கூடுதல் ஆட்கள் வேண்டுமா என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. வேண்டாம், அவை வெந்நீரில் முழுதாகக் கழன்று வருகின்றன என்று எழுதி, மாதிரிக்கு இரண்டு ஸ்டிக்கர்களையும் இணைத்து அனுப்பினார். கேட்ட கேள்விக்கு உள்ளபடி பதில். அவருக்கு வேறுமாதிரி எழுதத் தெரியாது.

மூன்று நாள் கழித்து, வேலை முடிந்து வண்டியை விடப் போனபோது, அலுவலகத்தில் ஒரு விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். இளைஞர். சட்டைக் கைப்பட்டையில் ஒரு கசங்கல் இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதைக்குப் பயந்து அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“நீங்கதானேம்மா இது சுலபமா வருதுன்னு சொன்னது?”

“ஆமா சார். மத்ததெல்லாம் உயிர எடுக்கும். இது மட்டும் தண்ணி பட்டதும் வந்துடும்.”

அதிகாரி அந்த இரண்டு ஸ்டிக்கர்களையும் ஓர் உறைக்குள் போட்டார். “நல்ல விஷயம் சொன்னீங்க. வெந்நீர்ல கழலுற தாள் எல்லா அச்சகத்துலயும் இருக்காது. கழுவித் திருப்பி நிரப்புற பாட்டிலுக்கு லேபிள் அடிக்கிறவங்கதான் வச்சிருப்பாங்க. இந்த ஊர்ல அப்படி எத்தனை கடை இருக்கப் போகுது? நாளைக்கு ஏழு மணிக்கு நானே வந்து கண்ணால பாத்துடறேன். பாத்துட்டு எழுதினா அப்புறம் யாரும் கேள்வி கேக்க முடியாது.”

அவள் தலையாட்டினாள். எழுந்து நடந்தாள். தெருமுனை வரை ரேடியோ அக்கா என்ன பேசிக்கொண்டு வந்தாள் என்று ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.

அவள் கணவன் லேபிள் அச்சிடுபவன். பால் பாட்டில், பழச்சாறு பாட்டில். திரும்பி வந்து, வெந்நீர்த் தொட்டியில் முங்கி, பழைய லேபிளை உதறிவிட்டுப் புதிய லேபிளோடு போகும் பாட்டில்கள்.

வீட்டில் மகள் முன்னறையில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இருப்பது இரண்டே அறை. அடுப்படியில் பேசினால் முன்னறையில் கேட்கும். கணவன் வந்து முகம் கழுவியதும் அவள் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அந்த வெள்ளை ஸ்டிக்கர் நீங்க அடிச்சதா?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தான்.

“உங்களத்தான் கேக்கறேன்.”

“ஆமா.”

“எப்பலேருந்து?”

“ஆறு வாரமா. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல.”

“ஆறு வாரம். தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா நீ எப்படி அத சுரண்டுவ?” என்றான் அவன். “தெரியாம சுரண்டினா அது வேலை. தெரிஞ்சிட்டா?”

அவளுக்குக் கோபம் வந்தது. “யாருக்காக? ஊர்ல ஆயிரம் அச்சுக்காரன் இருக்கான், உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“கட்டிங் அண்ணன் பொண்ணு.”

கட்டிங் அண்ணன் அவனோடு பதினாலு வருடமாக வேலை செய்பவர். அவன் அச்சிடுவதை அவர் வெட்டுவார். அவருடைய மகள்தான் போன வருடம் இவர்கள் மகளுக்குச் சைக்கிள் பழக்கியவள். பின்னால் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடினாள்.

“அவ அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னீங்களே.”

“அண்ணன் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. வெளிய தெரிஞ்சா அவ தம்பிய பள்ளிக்கூடத்துல வச்சிருக்க மாட்டாங்கன்னு பயம். அவ அந்த வேன்ல போனா. அவ்வளவுதான் தெரியும். அவரு ஏறாத படி இல்ல. எல்லா இடத்துலயும் அப்படி ஒரு பொண்ணே இல்லங்கறான். பெத்தவர்கிட்ட சொல்றான், அப்படி ஒரு பொண்ணே இல்லன்னு.”

பாத்திரம் நிரம்பி வழிந்தது. அவள் அதைக் கொட்டிவிட்டு மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தாள். இந்த ஆறு வாரத்தில் எத்தனை உரித்திருப்பாள்? நானூறு? ஐந்நூறு? எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் காலால் மிதித்து அமுக்கியிருக்கிறாள், இடம் பற்றவில்லை என்று.

“எதுக்கு அந்தத் தாள்?” என்றாள். “கடையில வேற தாளே இல்லையா?”

அவன் துண்டைக் கொடியில் போட்டான்.

“சொல்லுங்க.”

“இருந்துச்சு. கெட்டிப் பசை. அண்ணன் அதத்தான் கேட்டாரு, ஒட்டினா ரெண்டு நாளாவது நிக்கணும்னு. நான்தான் இது போதும்னு சொன்னேன்.” அவன் அவளுடைய விரல்களைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான். “எப்படியும் நீதானே எடுக்கணும்.”

அவளுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே புரியவில்லை.

“ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கித் தருவான். நீங்க பசை பாத்து வாங்கியிருக்கீங்க.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நானும் அத ஊர் முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்.”

அதிகாரி வந்ததைச் சொன்னாள். தான் சொன்ன வார்த்தையையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவன் மெல்லச் சுவரில் சாய்ந்தான். அப்படி லேபிள் அடிக்கும் கடைகள் ஊரில் மூன்றுதான். மற்ற இரண்டிலும் வண்ணத் தாள் மட்டும். வெள்ளைத்தாள் அவர்கள் கடையில்தான் இருந்தது.

“நான் போய்ச் சொல்லிடறேன்,” என்றான். “நானா செஞ்சேன்னு. அண்ணன இழுக்க வேண்டாம்.”

“சொல்லிட்டு? பத்தாவது ஆளா நீங்களும் வேன்ல ஏறுவீங்களா? அப்புறம் உங்கள எங்கேன்னு யார் அடிக்கறது? எனக்கு அச்சடிக்கத் தெரியாது.”

முன்னறையிலிருந்து மகள், “அம்மா, குழாய மூடலையா?” என்று குரல் கொடுத்தாள்.

“பாத்திரம் கழுவறேன்டி, நீ எழுது.” அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். “தண்ணி படாம எடுத்தா அது எப்படி வரும்?”

“தண்ணி படலேன்னா அதுவும் மத்தது மாதிரிதான். கிழிஞ்சு கிழிஞ்சு வரும்.”

“அப்ப தண்ணி ஊத்தாம எடுக்கறேன்.”

“உங்க அறுபது பக்கத்துல நிப்பாரே.”

“நிப்பாரு,” என்றாள் அவள். அந்த மனிதர் வாயைத் திறந்து ஒரே ஒரு விதியைச் சொன்னால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

மறுநாள் ஏழு மணிக்கு மருத்துவமனைக்கு எதிரே இருந்த நிறுத்தத்தில் நான்கு வெள்ளை ஸ்டிக்கர்கள் இருந்தன. அதிகாரி ஏற்கெனவே வந்திருந்தார். அறுபது கையில் பதிவேட்டோடு நின்றார். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள். ரேடியோ அக்கா வெந்நீர் கேனை வண்டியிலிருந்து இறக்கப் போனபோது, அவள் அதன் கைப்பிடியைத் தொட்டுத் தடுத்தாள்.

“அப்புறம்க்கா.”

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன படித்தாளோ, கேனை இருந்த இடத்திலேயே விட்டாள்.

“வழக்கமா எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்கம்மா,” என்றார் அதிகாரி.

பதினொரு வருடம் கைக்குப் பழகிய வேலையைத் தெரியாததுபோல் செய்வது எவ்வளவு கடினம் என்று அவள் அப்போதுதான் அறிந்தாள். பிளேடு தானாகவே சரியான சாய்வுக்குப் போனது. அதைப் பிடித்து இழுத்து நிமிர்த்தி, காய்ந்த தாளில் நேராகக் குத்தினாள். தாள் கிழிந்தது. ஒரு நார் வந்தது, அடுத்தது பாதியில் அறுந்தது. ‘எங்கே’ துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. கண்ணாடி கிறீச்சிட்டது. இரண்டாவது ஸ்டிக்கரில் பிளேடு நழுவி, ஏற்கெனவே வெடித்திருந்த விரலில் இறங்கியது. ரத்தம் கையுறைக்குள் பரவுவதை உணர்ந்தாள். நிறுத்தவில்லை.

“வெந்நீர் ஊத்தினா முழுசா வரும்னு சொன்னீங்களே?”

“தண்ணி தொடைக்கறதுக்கு சார்,” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் ஊத்தித் தொடைப்போம்.”

அதிகாரி அறுபது பக்கம் திரும்பினார். “அப்படியா?”

அவள் பிளேடைக் கண்ணாடியில் அழுத்தியபடி நின்றாள். தன்னையறியாமல் மனசுக்குள் எண்ண ஆரம்பித்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாக ஒரே முறையைச் சொல்லிக்கொடுத்தவர். அதைச் செய்யாத எத்தனையோ பேர்மேல் புகார் எழுதிக்கொடுத்தவர். கண்ணாடியில் விழுந்த கீறல் அவருக்குத் தெரியாமல் இருக்காது. எட்டு, ஒன்பது.

“ஆமா சார்,” என்றார் அறுபது. “இப்படித்தான் எடுப்போம்.”

“உங்க அறிக்கையில வேற மாதிரி இருக்கு.”

“அன்னைக்கு எடுத்தது அப்பத்தான் ஒட்டின ஸ்டிக்கர். பசை காயல. காஞ்சிட்டா வெந்நீருக்கும் அசையாது. அத வச்சு எல்லாத்துக்கும் சேத்து எழுதிட்டேன். தப்புதான்.”

“நீங்க தப்பாவே எழுத மாட்டீங்கன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்களே.”

“எழுதிட்டேன் சார்.”

அதிகாரி பிளேடை வாங்கி மூன்றாவது ஸ்டிக்கரைத் தானே சுரண்டிப் பார்த்தார். கால்வாசி வந்தது. நகத்துக்குள் கறுப்பு மை ஏறியது, கசங்காத கைப்பட்டையில் பசை ஒட்டியது. எரிச்சலோடு பிளேடைத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப இத எவன் வேணா அடிச்சிருக்கலாம்.”

“எவன் வேணா அடிக்கலாம் சார்,” என்று ரேடியோ அக்கா புகுந்தாள். “இந்த வழுக்கை மருந்துக்காரனையும் கொஞ்சம் விசாரிங்க. அவனப் பிடிச்சு உள்ள போட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் சிரிக்கவில்லை. தப்பாக எழுதியதற்கு விளக்கம் எழுதி மதியத்துக்குள் அனுப்பச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அறுபது வண்டியிலிருந்த முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் கையுறையைக் கழற்றினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“சொல்லாதம்மா,” என்றார் அவர். “எனக்குத் தெரிஞ்சா நான் எழுதணும். தெரியாதத எழுத முடியாது.” பஞ்சை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தடவினார். “மூணு கீறல். இதுக்கும் நான்தான் எழுதணும்.”

அவள் கட்டுப்போட்டுக்கொண்ட விரலோடு மாலையில் வீட்டுக்கு வந்தபோது கணவன் வாசலிலேயே நின்றிருந்தான். அவன் அன்று கடைக்குப் போய் மிச்சமிருந்த வெள்ளை ஸ்டிக்கர்களை எரித்திருந்தான். அச்சுக்கட்டையோ ஒரு பிரதியோ மிச்சம் இல்லை. விரலைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

“போதும்,” என்றான். “அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். இனிமே அடிக்கல.”

“அவரு என்ன சொன்னாரு?”

“சரின்னாரு. போய் மெஷின்கிட்ட நின்னுட்டாரு.”

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்தான். மகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. குழாயைத் திறக்க வேண்டிய தேவை இல்லை.

“அடிங்க,” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அவரு கேட்ட பசையில அடிங்க. எல்லாக் கடையிலயும் இருக்கற பசை. எவனும் வந்து மோந்து பாத்துக் கண்டுபிடிக்க முடியாதது. இனிமே என் கையப் பாக்காதீங்க. நீங்க என் கையப் பாத்ததாலதான் அவன் உங்க கடைப் பக்கம் பாக்க ஆரம்பிச்சான்.”

“உன்னால முடியாதும்மா. விரல் என்ன ஆகும்?”

“வழுக்கை மருந்து எடுக்கற விரல்தானே. எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுதான் வலிக்குது. இது ஆறிடும்.”

அவன் கட்டுப்போட்ட அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். மகளின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் கட்டிங் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் வெளியே போயிருந்தார். அண்ணி கதவைத் திறந்து, உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல், வழி மட்டும் விட்டாள். இரண்டரை மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. நாற்காலிமேல் கிடந்த துணிகளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் தரையைப் பார்த்தாள்.

“நீதான் எடுக்கறியாமே,” என்றாள் அண்ணி.

“ஆமா அண்ணி. நான் எடுக்கலேன்னா வேற ஆள அனுப்புவாங்க. எனக்கு…”

“எடு. நீ எடுத்தாத்தான் அடுத்தத ஒட்ட இடம் இருக்கும். பழசு ஒண்ணு அழுக்காகி ஓரத்துல கிடந்தா யாரு பாக்கறா?”

அதில் கோபம் இல்லை. யோசித்து யோசித்துத் தேய்ந்துபோன குரல். அண்ணி இன்னொரு நாற்காலியை இழுத்து அவளுக்கு மிக அருகில் போட்டு உட்கார்ந்தாள்.

“நாங்க ஒட்டிட்டு ஓடி வந்துடறோம். திரும்பிக்கூடப் பாக்க முடியறதில்ல. நீதான் அங்கயே நிக்கற. சொல்லு, நேத்து மருத்துவமனை எதிர்ல ஒட்டினது எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“பதினோரு மணி வரைக்கும் இருந்துச்சு. புதுப் பசை. நானும் அக்காவும் சேந்தே முக்கா மணி நேரம் ஆச்சு.”

“அதுக்குள்ள பஸ் எத்தனை போயிருக்கும்?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “இருபது போயிருக்கும்.”

“யாராவது படிச்சாங்களா?”

“படிச்சாங்க அண்ணி. குடை வச்சிருந்த ஒரு அம்மா படிச்சாங்க. பக்கத்துல நின்னவர்கிட்ட ஏதோ கேட்டாங்க, அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் ஆபீஸ் போற பொண்ணு ஒண்ணு. உங்க பொண்ணு வயசுதான் இருக்கும். நான் சுரண்ட ஆரம்பிச்சிட்டேன், அவ நகரவே இல்ல. பஸ்ஸ விட்டுட்டு நின்னா.”

“முழுசாப் படிச்சாளா?”

“முழுசா. ரெண்டு தடவை.”

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். “அதுக்கு முன்னாடி நாள்?” என்று கேட்டாள். அவள் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, முந்தின நாளைச் சொல்ல ஆரம்பித்தாள்.